மூன்றாம் கட்டம்

பேசும் போனை முதலிலேயே வேண்டாம் என்றுவிட்டேன்.
மண்டபம், தென்கடல் கரை, விடிகாலை நாலரை.
நண்டு எடைபோடும் மேசை என்னுடையது.
விரலெல்லாம் நண்டுத் தண்ணீர்.
ஈர விரலை அந்தக் கண்ணாடி மதிப்பதில்லை;
தொடுவது ஒன்று, திறப்பது வேறொன்று.
தப்பித்தவறிச் சரியாகத் திறந்தாலோ
ரஞ்சிதத்தின் முன்பணப் பாக்கியைக்
கரை முழுக்கக் கேட்க வாசிக்கும்.
காதில் மாட்டிக்கொள் என்கிறார்கள்.
காதை அதற்குக் கொடுத்துவிட்டால்
தராசின் பீப்பை எதனால் கேட்பேன்,
தட்டில் மெல்லச் சாயும் முழங்கையை எதனால்?

ஒலிப்பதிவுக் கருவி ஒரு வருஷம் இருந்தது.
மெசியான் படகுக்கு எத்தனை கிலோ என்று தேட
ஒரு காலை முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும்,
காக்கையோடு, கச்சான் காற்றோடு,
யாரோ யாரையோ வைத வசவோடு.

ஆகவே சட்டமும் எழுத்தாணியும்.
வலமிருந்து இடமாகக் குத்தி,
திருப்பிப் போட்டு, இடமிருந்து வலமாகத் தடவி.
குறை சொல்ல முடியாது.
சார்ஜ் கேட்டதில்லை, கடலுக்குப் பயந்ததில்லை.
தாள்தான் பயந்தது.
வாடை பிறந்தால்
நமுத்த அப்பளத்தின் கொப்புளம்போல் புள்ளிகள் அமுங்கும்.
கார்த்திகைக் கணக்கு, தையில் வெறும் வழவழப்பு.

பதினெட்டு மாதம் சீட்டுக் கட்டினேன்.

மதுரைக் கடையில் நாற்பது கட்டக் கருவி ஒன்று,
மடியில் வைத்தால் தூங்கும் பிள்ளையின் கனம்.
விலை சொன்னார்கள்.
அதற்கு வள்ளத்துக்கு என்ஜினே வாங்கிவிடலாம்.
இருபது கட்டமும் காட்டினார்கள்.
ஊசிகள் விரலடியில் குபுகுபுவென்று எழுந்தன,
மழைக்குப் பிறகான ஈசல் மாதிரி.
ஆனால் ஏசி அறையில் எல்லாக் கருவியும் நல்ல பிள்ளை.
உப்புக்காற்றில் ஒரு நாள் வைத்துப் பார்க்கத் தருவீர்களா
என்றேன். சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.

பிறகு ராமநாதபுரம், கேணிக்கரை.
கூட்டுறவு வங்கியில் இருந்த ஜபருல்லாவின் வீடு.
என்னைப் போலவே பார்வையற்றவர். போய் எட்டு மாதம்.
மகன் அலமாரியிலிருந்து எடுத்தான்;
துணியால் துடைக்கிற சத்தம்.
நல்லாத்தான் இருக்கு, என்றான், எனக்குத் தெரிஞ்சவரை.

நானூற்று முப்பது என்று அடித்தேன்.
நானூற்றுப் பத்து என்றது.
இருபது கிலோ நண்டு எங்கே?
முந்நூற்று நாற்பது என்று அடித்தேன்.
முந்நூற்று ஐம்பது.
மூன்றாம் கட்டத்தில் நாலாம் ஊசி செத்திருந்தது.
அந்த ஒரு இடத்தில் மட்டும்
மூன்று ஒன்றாகும், நாலு ஐந்தாகும்,
மீன் கீன் ஆகும்.
ஒருநாள் வியாபாரி பிழைப்பான், ஒருநாள் படகுக்காரி.
இதை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தால்
எனக்கு அடிதான் விழும்.

எழுந்திருக்கும் முன் சும்மா ஒரு கோப்பைத் திறந்தேன்.
சர்க்கரை மாத்திரைப் பெயர்கள்.
சிலிண்டர் வந்த தேதி.
யாருக்கோ திருப்பித் தர வேண்டிய ஐநூறு.
ஒவ்வொரு வரியிலும்
இரண்டு எழுத்து, ஒரு காலியிடம், பிறகு மீதி.
இரண்டு எழுத்து, ஒரு காலியிடம்.
கீழே போகப் போக அப்படியே.

வாப்பாவுக்கு டைப்பிங் சரியா வராது, என்றான் மகன்.
கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா
எல்லாம் பிசகிப் பிசகி இருக்கும்.

நான் பதில் சொல்லவில்லை.
முதல் மூன்று கட்டங்களைத் தாண்டி,
நாலில் தொடங்கி
நானூற்று முப்பது அடித்தேன்.
நானூற்று முப்பது.

ஒரு ஊசி போயிருக்கு, விலையைக் குறைங்க, என்றேன்.
அப்படியே, வீட்டில்
தண்ணி புகாத பை ஏதும் கிடக்குதா பாருங்க.